காது தப்பாது என்றார்கள்

மூன்று வயதில் அம்மை போட்டு எனக்குக் கண் போனது. எங்கள் ஊர் பாப்பிரெட்டிப்பட்டி பக்கம். கல்யாணம் காட்சிக்குக் கிளம்புகிறவர்கள் நான் எதிரே வந்துவிட்டால் வீட்டுக்குத் திரும்பி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அவர்களே என்னைத் தேடி வந்தார்கள். முந்தின நாள் பகலில் ஊரே சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், அடுத்த வீட்டுப் பண்ணைக்காரரின் பித்தளை அண்டா களவு போயிருந்தது. சித்தேரி மலையிலிருந்து வந்து அவரிடம் கூலி வேலை பார்த்தவனைப் பிடித்து வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் தெருவில் இருந்தவள் நான் ஒருத்திதான்.

“ஏம்மா, காலடிச் சத்தம் ஏதாச்சும் கேட்டுச்சா?” என்றார் பண்ணைக்காரர்.

“கேட்டுச்சுங்க. அண்டா வளையம் ஆடற சத்தமும் கேட்டுச்சுங்க.”

கூட்டம் சலசலத்தது. “கண்ணில்லாதவங்களுக்கு சாமி காதுல கண்ண வெச்சிருக்குது. தப்பவே தப்பாது,” என்றாள் ஒருத்தி.

அவனை என் முன்னால் நடக்கச் சொன்னார்கள். நடந்தான். மறுபடியும் நடக்க வைத்தார்கள். என் எதிரே வந்து நின்றபோது அவனுக்கு மூச்சு வாங்கியது. அப்பா என் பக்கம் குனிந்து, “ஆமான்னு சொல்லிடு பாப்பா. அவங்க கெணத்துத் தண்ணிதான் நம்ம கொல்லைக்குப் பாயுது,” என்றார்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நடை நான் கேட்ட நடையோடு கொஞ்சம் ஒத்துத்தான் இருந்தது. நிச்சயமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இல்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

“தெரியலீங்க,” என்றேன்.

“உங்களுக்கெல்லாம் காது தப்பாதே!” என்றாள் முன்பு பேசியவளே.

“உங்களுக்கு இருக்கற அதே காதுதானுங்க எனக்கும்.”

பண்ணைக்காரர் துண்டை உதறினார். “குருடிகிட்ட வந்து கேட்டம் பாரு, எங்களச் சொல்லணும்.”

வேறு சாட்சி இல்லாததால் அவனை விட்டுவிட்டார்கள். மறுநாளே எங்கள் கொல்லைக்குத் தண்ணீர் நின்றது. கத்தரிச்செடி காயக் காய அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார்.

பத்து நாள் கழித்து அண்டா காரிமங்கலத்தில் ஒரு பாத்திரக் கடையில் கிடைத்தது. அங்கே கொண்டுபோய் விற்றவர் பண்ணைக்காரரின் சொந்த மருமகன். தண்ணீர் திரும்ப வந்தது. என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

சித்தேரிக்காரன் மட்டும், ஊரைவிட்டுப் போகிற அன்று வாசலில் வந்து நின்றான். “அக்கா” என்றான். உள்ளே கூப்பிட்டுக் களி போட்டேன். சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினான்.