சூடு நின்ற அறை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். குளிர்காயச் சுவரில் கட்டிய கணப்படுப்பை எங்கே கண்டாலும் குனிந்து தலையை உள்ளே விட்டுப் பார்ப்பேன். போன மாதம் குன்னூரில் ஒரு விடுதியிலும் அப்படித்தான். உள்ளே வைத்திருந்த பிளாஸ்டிக் பூவை நகர்த்திவிட்டு அண்ணாந்தேன். வேட்டியெல்லாம் கரி. பேத்திக்கு வெட்கமாகப் போயிற்று. எனக்கோ அந்தக் கரி வாசனை விடவில்லை.

நாஞ்சில் நாட்டுக்காரனுக்குக் கணப்பு எதற்கு என்று கேட்பீர்கள். முப்பது வயது தாண்டிய புதிதில் பூதப்பாண்டிக்கு மேலே ஒரு மலைத்தோட்டத்தில் எழுத்து வேலை பார்த்தேன். பெரிய கிளார்க்கு யேசுவடியான் அண்ணனும் அவர் மனைவி ஞானம்மாள் அக்காவும் துரை ஒருவர் விட்டுப்போன பழைய பங்களாவில் இருந்தார்கள். எனக்குச் சாப்பாடு அங்கேதான். மலையில் மீன் ஏது? கருவாட்டிலேயே அக்கா வைக்கிற குழம்புக்கு நான் இரண்டு தட்டுச் சோறு தின்பேன்.

அந்த ஆடி மழையில் அக்காவுக்கு மலைக்காய்ச்சல் வந்தது. நடுக்கத்தில் கட்டிலே ஆடியது. கணப்பில் சுமை சுமையாக விறகு எரித்தோம். சூடெல்லாம் புகைபோக்கி வழியே போயிற்று, அறை குளிர்ந்தே கிடந்தது. டோலியில் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அண்ணன் ஆட்களை வரச் சொல்லிவிட்டார். நான்தான் தடுத்தேன். மழையில் நனைந்தால் இன்னும் மோசமாகும், கணப்பைச் சரிசெய்துவிடலாம் என்றேன். மாமன் வீட்டில் கருப்பட்டி காய்ச்சும் அடுப்புக்கு வாய் சிறியது. கொஞ்சம் ஓலையிலேயே பதநீர் தளதளவென்று கொதிக்கும். என் அறிவெல்லாம் அவ்வளவுதான்.

கூலிக்காரர் வீடுகளைப் பூசிக்கொண்டிருந்த கொத்தனார் தங்கையனைக் கூட்டிவந்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வாயி பெருசு பிள்ளே. தீ ஆளப் பாக்கல்ல, மேல பாக்குது."

இரண்டு பக்கமும் சரிவாகச் செங்கல் கட்டினோம். பின்சுவரை முன்னால் சாய்த்து ஓர் இரும்புத் தகடு பதித்தோம். புகைபோக்கியின் தொண்டையை அதிகமாகக் குறுக்கிவிட்டதில் அறை முழுக்கப் புகை, அக்கா இருமினாள். ஒரு செங்கல்லை எடுத்ததும் சரியாயிற்று. பாதி விறகில் அறை வெதுவெதுத்தது.

அக்கா எழுந்து வந்து கைகளை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "இப்பந்தான் எலும்புக்குள்ள சூடு ஏறுது தம்பி. எங்கயும் போவண்டாம்."

டோலிக்காரர்களைத் திருப்பி அனுப்பினோம். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

நடுக்கம் அடங்கியதைக் குணம் என்று நம்பினோம். ஆறாம் நாள் காலையில் அவள் கண் விழிக்கவில்லை. அறை சூடாகத்தான் இருந்தது.

அண்ணன் என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. அடக்கம் முடிந்து திரும்பும்போது, "ஆறு நாளு குளிராம இருந்தாளே, அது மதி மக்கா, அது போதும்" என்றார். அவர் என்னை அடித்திருக்கலாம்.

அந்தச் சரிவு முழுக்க இப்போது ரப்பர். பங்களாவின் அடித்தளம்கூட இல்லை. சில வருஷங்களுக்கு முன்பு ஏறிப்போய், அக்காவின் தலைமாட்டில் அண்ணன் நட்ட கல்லை வரிசை வரிசையாகத் தேடினேன். எல்லா மரமும் ஒன்றுபோலவே நின்றன. பால் வெட்ட வந்தவரிடம் இங்கே ஒரு கல்லறை உண்டா என்று கேட்டேன். அப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்றார் அவர்.