அடித்த வரி

தொண்ணூறுகளில், பெங்களூரின் சுற்றுலா அலுவலகம் ஒன்றில் அவரைப் பார்த்தேன். விபூதி நெற்றி, நரைத்த மீசை. யாரும் அதிகம் போகாத மலையருவி ஒன்றின் பிரசுரத்தை எடுத்தவர், 'குழந்தைகள் இறங்கி விளையாடலாம்' என்ற வரியைப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் என்னிடம் நீட்டினார். எனக்கு முன்னால் நின்றவருக்கும் அப்படித்தான் கொடுத்தார்.

"ஏன் அடிக்கிறீங்க?" என்று தட்டுத்தடுமாறிக் கன்னடத்தில் கேட்டேன்.

தமிழிலேயே பதில் சொன்னார். "நான் எழுதினது சார். ஏப்ரல்ல போய்ப் பார்த்துட்டு எழுதினேன். அப்போ கணுக்கால் அளவுதான் தண்ணி."

அட்டைப் படத்தில் ஒரு சிறுமி தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரு?"

"என் பொண்ணு. மழைக்காலத்துல மறுபடியும் கூட்டிட்டுப் போனேன்."

அடுத்த பிரசுரத்தை எடுத்து, பேனாவைத் திறந்தார்.

அந்த அருவிக்கு நான் போகவேயில்லை. பிரசுரத்தைத் தூக்கிப்போடவும் இன்றுவரை கை வரவில்லை.