வாலு ஆட்டம்

கொல்லைப்புறத் தகரம் காற்றில் "படார் படார்" என்று அடித்துக்கொண்ட சத்தம், எழுபத்தெட்டு வயதாகியும் என் காதை விட்டுப் போகவில்லை. சின்ன வயதில், கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் "புயல் கூண்டு ஏத்திட்டாங்க" என்று யாராவது சொன்னால் போதும். எத்தனையாம் நம்பர் கூண்டு என்று கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் சோறு இறங்கும். காரணம் அப்பா. சிதம்பரத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார், தினமும் ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்புவார்.

அவர் வரும்வரை நானும் சரோஜா அக்காவும் "வாலு ஆட்டம்" ஆடுவோம். அக்கா நான்கு ஆங்கில எழுத்துகளை வாலாகச் சொல்வாள். அந்த வாலில் முடியும் சொற்களை மாறி மாறிச் சொல்ல வேண்டும். சொல் கிடைக்காதவர் "அவுட்டு". அவுட்டானவர் வாசல் கதவைத் திறந்து தெருமுனை வரை போய், அப்பா வருகிறாரா என்று பார்த்து வர வேண்டும்.

அன்று மூன்றாம் நம்பர் கூண்டு. ரயில் வரும் நேரம் கடந்து வெகுநேரமாகிவிட்டது. அக்கா கொடுத்த வால் ஐ, ஜி, எச், டி. லைட், நைட், ஃபைட், ரைட், டைட், ஃப்ளைட் என்று பதினொன்று வரை எண்ணினேன். பன்னிரண்டாவது என் முறை, சொல் இல்லை. கதவைத் திறந்து வெறும் தெருவைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"ஜைட்" என்றேன்.

"அப்படின்னா?" என்றாள், பொய்ச் சொல்லை ஒருநாளும் விடாத அக்கா.

"ஒரு மீனு."

ஆங்கிலம் ஓர் எழுத்தும் அறியாத அம்மா, விளக்கைத் தூண்டியபடியே சொன்னாள்: "இருக்கும்டி. தேவனாம்பட்டினத்துல இல்லாத மீனா? நிறுத்தாதீங்க, மேல சொல்லுங்க."

அக்கா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளும் "ஸ்கைட்" என்றாள். நான் அர்த்தம் கேட்கவில்லை. அதன்பின் மூவரும் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே போனோம். கதவு தட்டப்பட்டபோதுகூட ஒருவரும் எழவில்லை. கடைசியில் அம்மாதான் திறந்தாள். தண்டவாளத்தில் தண்ணீர் ஏறியதால் ஆலப்பாக்கத்தோடு ரயிலை நிறுத்திவிட, அங்கிருந்து நடந்தே வந்த அப்பா, சொட்டச் சொட்ட நின்று, "யாரு அவுட்டு?" என்றார்.

"இன்னும் யாரும் ஆவல" என்றாள் அக்கா.

அப்பா, அம்மா, அக்கா மூவரும் இப்போது இல்லை, ஓட்டு வீடும் இல்லை. என் மகன் குடிகாட்டில் ரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். மேற்குக் காற்றில் நெடி தூக்கலாக வரும் இன்று, அவன் இரண்டு மணி நேரமாகப் போனை எடுக்கவில்லை. செல்போனில் சொல் விளையாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜைட் என்று தட்டினால் திரை ஒருமுறை உதறி, சொல்லைத் திருப்பித் தள்ளிவிடுகிறது. விட்டுக்கொடுக்க அதற்குத் தெரியவில்லை.

"வாசல்ல போயி பாருங்க மாமா, கம்பெனி பஸ்ஸு வந்துருக்கும்" என்கிறாள் மருமகள்.

நான் இன்னும் அவுட்டாகவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?