சீடி இல்லாத கமரா

என் சின்னம்மாவுக்குப் பிறப்பிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. தன் ஒரே மகனைக் கைகளாலேயே கதைத்து வளர்த்தவள். அவன் லண்டனுக்குப் போய் நாலு வருடமாக அந்தக் கைப்பேச்சு நின்றுபோயிருந்தது. கடிதத்தில் "நான் சுகம்" என்று எழுதுவான். எனக்குப் போன் எடுத்தாலும் அதையேதான் சொல்வான். ஒரு தாய்க்கு இது போதுமா?

போரால் யாழ்ப்பாணப் பாதை மூடிக் கிடந்த வருடம் அது. சின்னம்மா அங்கிருந்து கப்பலிலும் பஸ்ஸிலுமாகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டில் தங்கி லண்டன் விசாவுக்கு விண்ணப்பித்தாள். மறுத்துவிட்டார்கள். திரும்பிப் போக அடுத்த வெள்ளிக்கிழமைக் கப்பலில் இடம் கிடைத்தது. போனால் மறுபடி எப்போது வர முடியும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் ஒரு தடவையாவது அவளை மகனோடு கதைக்க வைப்பது என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

காலி வீதியில் நெட் கஃபேகளுக்குக் குறைவில்லை. ஆனால் நாலு பேர் பார்க்க ஒரு தமிழ்ப் பெண் கமராவுக்கு முன்னால் கையை ஆட்டினால், போராளிகளுக்குச் சிக்னல் கொடுக்கிறாள் என்று யாராவது பொலிசுக்குச் சொல்லிவிட்டால்? சின்னம்மா வரவே மாட்டேன் என்றாள். அந்த நாட்களில் அது வீண் பயமும் இல்லை.

ஆகவே மகன் ஒரு கமராவை லண்டனிலிருந்து வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டான். பம்பலப்பிட்டியில் அவர் தங்கியிருந்த இடத்துக்குப் போய் வாங்கினேன். பெட்டியில் கமரா இருந்தது, அதைக் கணினிக்கு அறிமுகப்படுத்தும் டிரைவர் சீடி இல்லை.

"தம்பி, கமரா எண்டா சின்னப் பிள்ளையளின்ர சாமான் எண்டு சமாளிக்கலாம்," என்றார் கொண்டுவந்தவர். "சீடி எண்டா உள்ளுக்க என்ன கிடக்கெண்டு செக்பொயின்ற்ல கேப்பாங்கள். எயார்போட்டிலயே குப்பையில போட்டிட்டன்."

வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வீடு வந்தேன். வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: என் கணினியில் இருப்பது எல்லாரும் வைத்திருப்பதல்ல, ஓர் இலவச இயங்குதளம். அந்தச் சீடி இருந்திருந்தாலும் அதில் வேலை செய்திருக்காது! வைரஸ் தொல்லை பொறுக்காமல் நான்தான் பெருமையாக அதற்கு மாறியிருந்தேன். இப்போது கமராவைச் செருகினால் அதன் அடையாள எண் மட்டும் திரையில் வந்தது. படம் இல்லை.

அந்த எண்ணை இணையத்தில் தேடி, இப்படிப்பட்ட கமராக்களுக்கு டிரைவர் எழுதும் ஒருவரைக் கண்டுபிடித்தேன். ஏதோ குளிர் நாட்டுக்காரர். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போலத் தட்டுத்தடுமாறியது. சின்னம்மாவின் விஷயத்தை எழுதி, வெள்ளிக்கிழமைக் கப்பலையும் சொன்னேன். பதில் வரும் என்று நான் நம்பவில்லை.

மறுநாள் காலையிலேயே வந்தது. அந்தக் கமரா அவரிடம் இல்லை, கண்ணால் கண்டதும் இல்லை. "நான் அனுப்புவதைப் போட்டுப் பாருங்கள். என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார். போட்டேன். திரை முழுக்கப் பச்சை. சொன்னேன். இரண்டாவதை அனுப்பினார். என் முகம் தெரிந்தது, தலைகீழாக! சொன்னேன். மூன்றாவது வந்தது. படத்தில் நிமிர்ந்து நின்றேன். முன்பின் தெரியாத ஒரு மனிதர், ஒரு சதமும் கேட்காமல், தான் பார்க்காத கருவிக்கு நான் சொன்னதை மட்டும் வைத்தே கண் திறந்துவிட்டார். நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். கோயிலில்கூட எனக்கு அப்படி மெய்சிலிர்த்ததில்லை.

புதன்கிழமை பின்னேரம், லண்டனில் காலை. சின்னம்மா நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். திரையில் மகன் வந்தான். படம் விட்டு விட்டு ஓடியது. அதைக் கவனித்து, யாரும் சொல்லாமலே அவள் கைகளை மெதுவாக்கினாள். அவன் சிரித்துப் பதில் சொன்னான். வலது கையால் மட்டும்.

அவள் கைகள் நின்றன. மற்றக் கை எங்கே என்று கேட்டாள். அது எனக்கே விளங்கியது.

அவன் இடது கையைத் தூக்கினான். இரண்டு விரல்கள் இல்லை.

"அண்ணா, வேலையில மெஷின் வெட்டிப்போட்டுது," என்றான் என்னிடம். "ஆறு மாசமாகுது. சொல்ல மனம் வரேல்ல."

அந்த ஆறு மாதத்தில் எத்தனை தடவை என்னோடு போனில் கதைத்தான்! குரலில் ஒரு மாற்றத்தையும் நான் கேட்கவில்லை. அவளோ ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

அழுவாள் என்று தண்ணீர் எடுக்க எழும்பினேன். அவள் அழவில்லை. திரைக்கு இன்னும் கிட்டப் போனாள். தன் இடது கையில் அதே இரண்டு விரல்களை மடக்கிக்கொண்டு, மிச்ச மூன்றால் ஒவ்வொரு சொல்லையும் எப்படிச் சொல்வதென்று அவனுக்குக் காட்டத் தொடங்கினாள்.