மரக்காணம் உப்பளத்தில் ஒரு திருத்தம்

2005 ஏப்ரல், செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குத் திண்டிவனத்தில் பேருந்து ஏறினேன். மரக்காணம் முப்பத்தைந்து கிலோமீட்டர். கட்டணம் பதினொரு ரூபாய். என் பிழை ஒன்றைத் திருத்தவே இந்தப் பயணம்.

சென்ற மாதம் எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் ஒரு தொண்டுக் குழுவுக்காகப் பேசியபோது, கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் அவர்கள் ரத்தத்தில் இருப்பதையே பரிசோதனை காட்டுகிறது என்றேன். நுண்ணுயிரியல் பட்டதாரியான எனக்கு அது வெறும் தகவல். உப்பளத் தொழிலாளி லூர்துமேரிக்கு அது நற்செய்தி. அம்மை கண்டு தேறியவர் அவர். மறுபடி வராதென்பதால், அம்மை கண்ட வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோக ஊரில் அவரைத்தான் அனுப்புவார்கள். இந்நோய்க்கும் எதிர்ப்பு வந்துவிட்டதென்று நம்பி, புதுச்சேரி மருத்துவமனையில் ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனைக்கு அவர் போகவில்லை என்று குழுவினர் சொன்னார்கள். எண்ணிக்கை தாழ்ந்திருந்தால் மாத்திரை தொடங்கத் தாமதிக்கக் கூடாது.

ஏழு இருபதுக்கு உப்பளம். என் கையில் தாள்களைக் கண்ட ஒரு பெண், "சுனாமி லிஸ்டா சார்? மூணு பேரு எழுதிக்கினு போய்ட்டாங்க. நாலாவதா நீங்களும் எழுதிக்கங்க" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பட்டியல் எழுதும் அந்தச் சாக்கிலேயே லூர்துமேரியிடம் தனியே பேச முடிந்தது. அவர் நோய் அங்கே யாருக்கும் தெரியாது.

வரப்பிலிருந்த நண்டு வளைகளை அவர் களிமண்ணால் அடைத்துக்கொண்டிருந்தார். விட்டால் பாத்தி நீர் ஒழுகிவிடும். நான் விளக்கினேன். எதிர்ப்பொருள் கிருமியின் மேலுறையை அடையாளம் கண்டே பிடிக்கிறது. இந்தக் கிருமியோ பெருகும்போதெல்லாம் தன்னைப் பிழையோடு படியெடுக்கிறது. உறை சற்று மாறியவை தப்பிப் பெருகும். உடம்பு அவற்றுக்கும் எதிர்ப்பொருள் செய்து முடிப்பதற்குள் உறை மறுபடி மாறிவிடும். அம்மைக் கிருமி இப்படி மாறுவதில்லை.

"அப்போ எவ்ளோ அடைச்சாலும், பக்கத்துல வேற வளை போட்டுனே இருக்குது."

"ஆமாங்க அக்கா. அன்னிக்கு நான் பாதிதான் சொன்னேன்."

"மீதிய நானே நல்லதா நெனச்சிக்கினேன்." இன்னொரு வளையை அடைத்தபடி கேட்டார்: "மாத்திரையையும் ஏமாத்துமா?"

விட்டுவிட்டுச் சாப்பிட்டால் ஏமாற்றும். நாள் தவறாமல் சாப்பிட்டால் நெடுங்காலம் அடங்கியிருக்கும் என்றேன்.

வாய்க்காலில் கை கழுவினார். "லிஸ்ட்ல எம்பேரு விட்டுப்போச்சாம். இவரோட பாண்டி ஆபீசுக்குப் போய்ட்டு வர்றேன். இந்த வரப்பப் பாத்துக்கடி" என்று லிஸ்ட் பற்றிக் கேட்ட பெண்ணிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

எட்டு ஐம்பது புதுச்சேரிப் பேருந்தில் என் பக்கத்தில் அவர் ஜன்னலோரம் உறங்கிவிட்டார். அன்று என் பேச்சைக் கேட்டவர்கள் பதினான்கு பேர். மற்றப் பதின்மூவரின் ஊர்களைத் தாளில் எழுதத் தொடங்கினேன். முதலாவது கிளியனூர்.