எல்லாருக்கும் திறந்த கோப்புறை

மண்சரிவுக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான ஒரே லயத்துச் சனம் நாலு முகாமாகச் சிதறியது. போன்களும் மண்ணோடு போயிருந்தன. யார் எங்கே என்று தேட, ராகலையில் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்த லோகேஸ்வரி ஓர் இணையப் பக்கம் செய்து, பலரும் பாவிக்கும் சேர்வரில் தன் கோப்புறையில் வைத்தாள்.

அவள் வளர்ந்த அந்த லயத்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. அந்தப் பழக்கத்தில், எல்லாரும் பெயர் எழுதட்டும் என்று கோப்புறையையே யாரும் மாற்றலாம்படி எல்லாருக்கும் திறந்துவிட்டாள். பக்கம் ஓடவில்லை. முருகனை வேண்டிக்கொண்டு இரண்டு நாள் எதையெதையோ மாற்றிப் பார்த்தாள். தாயைத் தேடிய அதே லயத்து அழகன் இரண்டு நாளும் கடைக்கு வந்து வந்து திரும்பினான்.

மூன்றாம் நாள் கடை முதலாளி ரிஃகான் பார்த்தார்.

"என்னா புள்ள, கண்டவனும் கை வைக்கிற மாதிரி தொறந்து போட்டா, ஆபத்துன்னு சேர்வரே பக்கத்த ஓட்டாது. மாத்துற உரிமைய ஒனக்கு மட்டும் வை. பேரு போடுறவங்க பக்கத்துக்குள்ள வந்து போட்டுக்குவாங்க."

மாற்றியதும் ஓடியது. வலப்பனை முகாமிலிருந்து பெயர்கள் வந்தன. ஆறாவது பெயர் அழகனின் தாய் மீனம்மா. நேற்று அந்தியில் தவறிவிட்டார், கடைசிவரை மகனைக் கேட்டார் என்று எழுதியிருந்தது.

"முந்தாநாளு தெரிஞ்சிருந்தா போய்ப் பாத்திருப்பேனே, தங்கச்சி" என்றான் அழகன். அவள்மேல் அவனுக்குக் கோபமில்லை.

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டு, அவனோடு அவளும் வலப்பனை பஸ்ஸில் ஏறினாள்.