மாமியார் போனில் சின்னவள் வைத்த ஸ்டோர்

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் சொல்லிவிடுவேன். முகம் சுளிக்காமல் சொல்லச் சொன்னால்தான் கஷ்டம். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த சின்னவள் அவள். மூக்குக்கண்ணாடிக் கடையின் முகப்பில் ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி, அதுதான் அவளுடைய செல்போன் ரிப்பேர் கடை. தெருவில் அவளுக்கு செல்லக்கா என்று பெயர். பெரிய அழகி என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு போனைத் திறந்துவிட்டால் அந்த முகத்தில் ஒரு களை வரும் பாருங்கள், அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தண்ணீரில் விழுந்த போனைத் துடைத்துக்கொண்டே, "சரியாயிடும், அழாதீங்க" என்பாள். சரியாகாது என்றால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். சின்ன வயதில் பொம்மைக்குப் பதிலாக ஸ்க்ரூடிரைவரை வைத்துத்தான் விளையாடினாளாம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் மாமியார் இதைச் சொல்லிப் பூரித்துப் போவார். நான் எதை வைத்து விளையாடினேன் என்று என்றைக்காவது கேட்டதுண்டா?

மாமியார் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கை நடுக்கம் வந்த பிறகு, போனில் ரேடியோ கேட்பதும், செய்தியை வாசிக்கவிட்டுக் கேட்பதும்தான் அவருக்குப் பொழுது. திறந்தால் விளம்பரம், மூடினால் விளம்பரம். நடுங்கும் விரல் அதில் பட்டுப் பட்டு, வேண்டாத ஆப் எல்லாம் வந்து குவிந்தது. சின்னவள் அத்தனையையும் துடைத்தெறிந்துவிட்டு, விளம்பரம் இல்லாத ஆப்கள் இலவசமாகக் கிடைக்கிற வேறொரு ஆப் ஸ்டோரைப் போட்டுக் கொடுத்தாள்.

அதில்தான் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. அந்த ஸ்டோர் போனோடு வந்ததல்ல, பிறகு ஏற்றியது. அதனால் போன் அதைச் சுலபத்தில் நம்பாது. ஒவ்வொரு ஆப்பும் அப்டேட் ஆகும்போது, 'நிறுவலாமா?' என்று கேட்டுக்கொண்டு நிற்கும். 'ஆம்' என்று அழுத்தினால்தான் நகரும். மாமியார் விரலோ சரியாக 'வேண்டாம்' மேலேயே போய் விழும். சின்னவள் கடைக்குப் போயிருப்பாள். வீட்டில் இருப்பது நான்தானே?

"பெரியவளே, இங்க வாயேன், இது என்னமோ கேக்குது!"

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவேன். ஒரு தட்டு தட்டினால் வேலை முடிந்தது. ஆனால் உடனே விட மாட்டார். "உக்காரும்மா, சாப்பிட்டியா?" என்பார். எக்ஸ்சேஞ்சில் ஒரு ஆபீசருக்கு இணைப்பை மாற்றிக் கொடுத்து, அவர் தன் மனைவி என்று நினைத்து மேலதிகாரியைத் திட்டித் தீர்த்த கதையைச் சொல்வார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் என் சமையலைத்தான் தேடினார்கள், என்னை யார் தேடினார்கள்? அந்தப் போன் மேலேயே எனக்குப் பாசம் வந்துவிட்டது.

அது சின்னவளுக்குப் பொறுக்கவில்லையே! "பாவம் அக்கா, எத்தனை தடவைதான் எழுந்து வருவாங்க?" என்றாள் மாமியாரிடம். "அந்த ஸ்டோரை சிஸ்டத்துக்குள்ளயே வெச்சுடறேன் அத்தை. அப்புறம் யாரையும் கேக்காது. தானா அப்டேட் ஆயிடும்."

"எனக்கு ஒண்ணும் சிரமமில்லையே" என்றேன். யார் காதில் விழுந்தது?

சிஸ்டத்துக்குள் கை வைக்க வேண்டுமென்றால் போனின் உள்பூட்டைத் திறக்க வேண்டுமாம். திறந்தால் அதில் இருப்பது மொத்தமும் அழிந்துவிடுமாம். அவளே சொன்னாள். ஆகா, மாட்டினாயா என்று நினைத்துக்கொண்டேன். ஒரு போட்டோ குறையட்டும், ஒரு நம்பர் காணாமல் போகட்டும், அப்புறம் இருக்கிறது கச்சேரி. மறுநாள் சாயங்காலம் போன் திரும்பி வந்தது. போட்டோ, நம்பர், ரேடியோ, மாமியாருக்கென்று பெரிதாக்கி வைத்திருந்த எழுத்து, எல்லாம் வைத்தது வைத்தபடி. கம்ப்யூட்டரில் அத்தனையையும் பத்திரப்படுத்திவிட்டுத்தான் கை வைத்திருக்கிறாள், கைகாரி! மாமியார் அவள் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை நங்கென்று வைத்தேன்.

அதன் பிறகு கூப்பிடுவதே இல்லை. ஆப்கள் அதுபாட்டுக்கு அப்டேட் ஆகிக்கொண்டிருந்தன. வேண்டுமென்றே அந்த அறையை இரண்டாம் தரம் பெருக்கப் போவேன். மாமியார் காதில் இயர்போனோடு தலையாட்டிக்கொண்டிருப்பார், காலை மட்டும் தூக்கிக்கொள்வார்.

பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அவர் குளிக்கப் போன நேரம் போனை எடுத்து அந்த ஸ்டோரின் செட்டிங்ஸைத் துழாவினேன். கீழே, சிஸ்டம் அனுமதியைப் பயன்படுத்தலாமா என்று ஒரு பட்டன் பச்சையாக இருந்தது. அணைத்துவிட்டேன். இனிமேல் கேட்கட்டும்!

அடுத்த அப்டேட் வந்தது, போன் கேட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை. அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"சின்னவளே! நீ செஞ்சு குடுத்தது மறுபடியும் என்னமோ கேக்குதும்மா!"

ஓடிப்போன நான் அறை வாசலிலேயே நின்றுவிட்டேன். செய்து கொடுத்தவளைத்தானே கூப்பிடுவார்? இது எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று?

சின்னவள் போனை வாங்கி, நேராக அந்தப் பட்டனுக்கே போனாள். அது தானாக அணையாது என்று அவளுக்குத் தெரியாதா? நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இப்போது சொல்லப்போகிறாள், என் மானம் கப்பலேறப்போகிறது என்று கதவைப் பிடித்துக்கொண்டேன்.

பட்டனைத் தொடாமலே செட்டிங்ஸை மூடினாள்.

"இது சரிப்பட்டு வராது போலிருக்கு அத்தை. இதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாது. கேட்டுச்சுன்னா அக்காவையே கூப்பிடுங்க."

"என்னடி சொல்ற, உனக்கே முடியலையா?"

"முடியலை அத்தை."

என்னைத் தாண்டிப் போகும்போது சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் சண்டைக்குப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

"பெரியவளே, வாம்மா" என்று மாமியார் கூப்பிட்டார். போனேன், தட்டினேன், எக்ஸ்சேஞ்ச் கதை கேட்டேன். இப்போதும் கூப்பிடுகிறார், இப்போதும் ஓடுகிறேன். முன்பாவது என் இடத்தைப் பறித்துக்கொண்டாள் என்று அவளைத் திட்டலாம். இப்போது திருப்பிக் கொடுத்துவிட்டாளே, என்ன சொல்லித் திட்டுவேன்?